நாலாம் மாதத்தில் மெட்ராஸுக்கு ஓர் ஊசிப் பயணம்

1979 தை மாதம் கவரைப்பேட்டையிலிருந்து மெட்ராஸுக்குப் போனோம். ரயிலில் சுமார் நாற்பது கிலோமீட்டர். கடற்கரை பார்க்க அல்ல, வயிற்றில் ஊசி குத்திக்கொள்ள! எங்கள் முதல் குழந்தை மரபுக் கோளாறோடு பிறந்து எட்டே மாதத்தில் போய்விட்டது. இப்போது எனக்கு மறுபடி நாலாம் மாதம். கருவைச் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்த்தால் இதற்கும் அந்தக் கோளாறு உண்டா என்று தெரியுமாம்.

காலை ஏழு மணி பாசஞ்சரில் கணவர் தலையணையோடு ஏறினார். கும்மிடிப்பூண்டி ஆலையில் வெல்டர்; நெருப்புக்கு அஞ்சமாட்டார், ஊசி என்றால் நடுங்குவார். ஊசி போட்டபின் உடம்பு குலுங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இவரோ போகும்போதே என்னைத் தலையணைமேல் உட்காரவைத்துவிட்டார். பெட்டியே வேடிக்கை பார்த்தது.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "சிலருக்கு இதனாலேயே கரு கலைஞ்சிடும். நீர் கசியலாம், ரத்தம் படலாம், காய்ச்சல் வரலாம். வேணாம்னா இப்பவே சொல்லிடும்மா." உள்ளே பார்க்கும் கருவி அங்கே கிடையாது; வயிற்றைத் தடவிப் பார்த்துத்தான் குத்துவார்கள். ஆனால் தெரியாமல் ஐந்து மாதம் தவிக்கத் தெம்பில்லை, சரி என்றேன். வலி நினைத்த அளவு இல்லை. வெளியே நின்றவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

திரும்பும்போது மீஞ்சூர் தாண்டியதும் புடவை நனைந்திருந்தது. "ஐயோ, தண்ணி கசியுது!" என்று அலறினேன். கணவர் சங்கிலியை இழுக்கப் பாய்ந்தார். எதிரே இருந்த மீன்காரம்மா என் தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்துவிட்டு, "யோவ், நில்லுய்யா! என் கூடைதான் ஒழுவிக்கினு கீது. ஐஸ் தண்ணி! மோந்து பாரு தங்கச்சி" என்றாள். மோந்தேன். சுத்தமான வஞ்சிர வாசனை! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

இந்தச் சோதனைக்குப் போகிறவர்களுக்கு: இப்போது ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குத்துகிறார்கள். ஆபத்து குறைந்திருக்கிறது, அடியோடு போய்விடவில்லை. டாக்டரிடம் எல்லாம் கேட்டு நீங்களே முடிவெடுங்கள். துணையோடு போங்கள். பிறகு நீரோ ரத்தமோ பட்டால், என்னைப்போல மோந்து பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சில வாரம் கழித்து முடிவு நல்லபடியாக வந்தது. அதுவரை தினமும் பயந்து பயந்து புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒருநாள் புதுவாயல் கடையில் கத்திரிக்காய் பொறுக்கும்போது வயிற்றுக்குள் ஏதோ துள்ளியது. அப்படியே நின்று அழுதேன்.

"இன்னாச்சு? வலிக்குதா?" என்று கணவர் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"உன் புள்ள ஒதைக்குதுய்யா" என்றேன்.