எஸ்தர் அக்காவும் வேறொருவரின் பதக்கமும்

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார் என்று எனக்கு முதலில் சொன்னவர் கனடாவின் மொன்றியல் நகரை அடுத்த புரோசார்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தானியேல். ஒருவர் மட்டுமே சொன்னார் என்பதாலேயே நான் நம்பவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு எஸ்தர் அக்காவின் எண்ணுக்கே அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு அவர் வசித்த இல்-பிசாரில் பக்கத்து வீட்டுப் பெண்மணியை அழைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் செய்தி உண்மை என்று ஏற்றுக்கொண்டேன். காலையில் சாப்பாடு கொண்டுபோன தானியேலுக்குக் கதவு திறக்கவில்லை. உறக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது.

நான் இப்படிச் சரிபார்த்ததை அறிந்தால் எஸ்தர் அக்கா கோபிக்கமாட்டார். "ஒருத்தர் சொன்னா அது செய்தி இல்ல சுகந்தி. சம்பந்தமில்லாத இன்னொருத்தரும் சொல்லணும்" என்று என்னைப் பழக்கியவரே அவர்தான்.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு எதையும் சந்தேகத்தோடு பார்க்கும் அந்தக் கண்கள் நினைவிருக்கும். வேலூரிலிருந்து வந்து, மொன்றியல் துறைமுகத்தில் சேதமடைந்த சரக்குகளைப் பார்த்து இழப்பீடு நியாயமானதா என்று முடிவுசெய்யும் வேலையில் ஓய்வுபெறும்வரை இருந்தவர். கணவரை இளவயதில் இழந்தவர், பிள்ளைகள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த புதிதில் எனக்கு அதே அலுவலகத்தில் அவருடைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. ஒருநாள் ஒரு வியாபாரி, கொள்கலனில் வந்த தேக்குத் தளபாடங்கள் எல்லாம் உடைந்துவிட்டன என்று எங்கள் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அவர் போனபின் எஸ்தர் அக்கா சொன்னார்: "அழுகை நிஜம்தான். ஆனா அவர் சொன்ன காரணத்துக்காகத்தான் அழறாரான்னு பாக்கணும்." உடைந்த மேசை நாற்காலிக் கால்களின் உள்மரம் பழுப்பேறியிருந்தது, கப்பலேறும் முன்பே உடைந்தவை. கடன்காரர்களுக்குப் பயந்து அழுதார் என்று பின்னர் தெரிந்தது.

இப்படி எல்லாவற்றையும் ஐயப்பட்டவர், ஒன்றை மட்டும் ஐயப்படவில்லை. அது அவருடைய கொள்ளுத்தாத்தா சுபேதார் மோசஸின் கதை. விக்டோரியா மகாராணி காலத்தில் மதராஸ் பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனவர். கொடி பிடித்திருந்தவர் சுடப்பட்டு விழுந்ததும் அந்தக் கொடியைத் தான் எடுத்துக்கொண்டு முன்னேறி உயிர்விட்டவர். வேலூரில் அவர்கள் வீட்டுக்கே 'சுபேதார் வீடு' என்றுதான் பெயர். தேவாலயச் சுவரில் அவருக்கு ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அவருடன் இருந்த ஒரு சிப்பாய் ஊர் திரும்பும்போது கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்த வெள்ளிப் பதக்கம், சிவப்பு வெல்வெட்டில் பதித்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் எஸ்தர் அக்காவின் கூடத்தில் தொங்கியது. மகாராணியின் தலை மட்டும் தெரியும். விருந்தினருக்கு அதைக் காட்டும்போது அவருடைய குரலில் வேறொரு கம்பீரம் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதம், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ஞாயிறன்று, அவருடைய தமிழ்ச் சபையில் முன்னோர் பெயர்களை வாசிக்கச் சொன்னார்கள். நான் சைவ சமயத்தவள், அவர் அழைத்ததால் போயிருந்தேன். சட்டையில் சிவப்புத் துணிப்பூ குத்திக்கொண்டு எழுந்து, "சுபேதார் மோசஸ், வேலூர், பர்மா யுத்தத்தில் மரித்தவர்" என்று சொல்லி அமர்ந்தார். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, அதுவரை நாங்கள் பார்த்திராத ஒருவர் அருகில் வந்தார். அவர்தான் தானியேல்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கொள்ளுத்தாத்தா பேரும் மோசஸ்தான். வேலூர்க்காரர். பட்டாளத்துல பர்மா வந்தவர்."

"மோசஸ்னு நிறையப் பேர் இருந்திருப்பாங்க."

"இருக்கலாம். ஆனா அவருக்கு வேலூர்ல ஒரு சம்சாரம் இருந்தாங்களாம். பேரு ஞானசுந்தரி."

எஸ்தர் அக்காவின் கோப்பை பாதி வழியில் நின்றது. ஞானசுந்தரி என்பது அவருடைய கொள்ளுப்பாட்டியின் பெயர்.

"உங்க தாத்தா எந்தச் சண்டைல செத்தாரு?" என்றார்.

"சண்டைலயா? இல்ல சிஸ்டர். பர்மாவுலயே மௌல்மேன்ங்கற ஊர்ல மரக்கடைல வேலை பாத்து, பேரன் பேத்தி எடுத்து, கிழவனாகித்தான் செத்தாரு."

திரும்பும் வழியில் எஸ்தர் அக்கா காரை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "இவன் எதுக்கோ அடி போடறான்."

"அக்கா, அந்த மனுசனைப் பாத்தால் பாவம் போல கிடக்கு."

"பாவம் போல இருக்கறவங்களத்தான் ஹார்பர்ல முதல்ல செக் பண்ணுவேன்."

நானும் ஐயப்பட்டேன், எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஐமிச்சப்பட்டேன், என்பதை மறைக்க விரும்பவில்லை. பர்மாவிலிருந்து சென்னைக்குத் துரத்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து, கப்பல் வேலைக்குப் போய் இங்கே இறங்கியவர் என்று தானியேல் சொன்னார். எஸ்தர் அக்காவின் இல்-பிசார் வீடு அன்று நல்ல விலை போகும். பிள்ளையில்லாத ஒரு முதிய பெண்ணைத் தேடி ஒரு சொந்தக்காரர் திடீரென்று முளைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஞானசுந்தரியின் பெயரைச் சபையில் யாரிடமோ கேட்டறிந்திருப்பார் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவுசெய்தோம். எஸ்தர் அக்கா, தானியேலுக்குத் தெரியாத ஒருவரை அவருடைய கடைக்கு அனுப்பி அவருடைய கதையைக் கேட்க வைத்தார். கதை மாறவில்லை. அதுவே அவருடைய சந்தேகத்தைக் கூட்டியது. "ஒரு வார்த்தை மாறாம சொன்னா மனப்பாடம்" என்றார்.

கடைசியில் உமிழ்நீர் கொடுத்து மரபணுச் சோதனை செய்ய இருவரும் சம்மதித்தார்கள். உறவு இருக்கிறது என்று வந்தது. எஸ்தர் அக்கா நம்பாமல் வேறொரு நிறுவனத்திடம் மறுபடி கொடுத்தார். அதிலும் அதே விடை. "சரி, சாகறதுக்கு முன்னாடி அங்க ஒரு குழந்தை பொறந்திருக்கும். அதுக்காக அவர் சண்டைல சாகலன்னு ஆயிடுமா?" என்றார். ஆனால் குரலில் பழைய கம்பீரம் இல்லை.

ஒரு சனிக்கிழமை பகலில் என்னையும் தானியேலையும் வீட்டுக்கு அழைத்தார். பதக்கம் இருந்த கண்ணாடிச் சட்டம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. "அந்தக் காலத்து மெடல்ல ஓரத்துல பேர் வெட்டியிருப்பாங்க. இத்தன வருஷம் ஊரார் பெட்டியெல்லாம் திறந்து பாத்தேன், இதத் திறக்கல" என்றார். பின்பக்க ஆணிகளை எடுத்து, பசையில் ஒட்டியிருந்த வெல்வெட்டைக் கத்தியால் மெல்லக் கீறினார். பதக்கம் கையில் வந்தது. விளிம்பைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். சாய்வான ஆங்கில எழுத்தில் படைப்பிரிவின் பெயர் இருந்தது. சுபேதார் என்று இல்லை. சிப்பாய் என்று இருந்தது. பெயர் மோசஸும் இல்லை. அந்தோணிமுத்து.

தானியேல்தான் முதலில் பேசினார். "அந்தோணிமுத்து எங்க தாத்தாவோட சிநேகிதர். மௌல்மேன்ல மூத்த பையனுக்கு அந்தப் பேர்தான் வெச்சாரு. அந்தச் சிநேகிதர் காய்ச்சல்ல போயிட்டாருன்னு சொல்வாங்க."

எஸ்தர் அக்கா அவரை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லாததை நான் கண்டது அன்றுதான். "செத்துப்போன சிநேகிதனோட மெடல எடுத்து, மோசஸ் தாத்தா தானே செத்துட்டதா பொண்டாட்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்காரு" என்றார். "அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனா இத வெல்வெட்ல ஒட்டினவருக்குத் தெரிஞ்சிருக்கும். பேர மறைக்கணும்னே ஒட்டியிருக்காரு."

எஸ்தர் அக்கா வேலூரிலிருந்த தன் தம்பி சாலமோனுக்குச் சொன்னபோது அவர் போனிலேயே கத்தினார். "எவனோ ஒரு பர்மாக்காரன் பேச்சக் கேட்டு நம்ம குடும்ப மானத்த வாங்கறியா? கல்லுல வெட்டின பேர யாரும் மாத்த முடியாது."

"நம்ம பேர எடுக்கச் சொல்லல. செத்தவன் பேரச் சேர்க்கச் சொல்றேன். நூறு வருஷத்துக்கு மேல அவன் சாவுக்கு நாம அழுதிருக்கோம் சாலமோன். அவன் பேர்கூடத் தெரியாம."

அதன்பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. எஸ்தர் அக்காவை அது வருத்தியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் நிறுத்தவில்லை. தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடப் புறப்பட்டவர், தனக்கு எந்தச் சொந்தமும் இல்லாத ஒரு சிப்பாயைத் தேடத் தொடங்கினார். லண்டனில் பழைய பட்டாளப் பதிவுகளைப் பார்த்துச் சொல்பவர்களுக்கு எழுதினார். அந்தோணிமுத்து பர்மாவில் ஒரு முகாமில் காய்ச்சலால் இறந்தவர் என்றும், அதே பிரிவைச் சேர்ந்த மோசஸ் உயிரோடு பணியிலிருந்து விலகியவர் என்றும் பதில் வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்போ ரெண்டு பேர் தனித்தனியா சொல்லிட்டாங்க" என்றார். தானியேல் பர்மாவிலேயே தங்கிவிட்ட தன் உறவினர்களை மௌல்மேன் கல்லறைத் தோட்டங்களுக்கு அனுப்பினார். கல் எதுவும் கிடைக்கவில்லை. அந்தோணிமுத்து திருச்சிப் பக்கத்தவர் என்பதற்கு மேல் ஊரும் தெரியவில்லை. அவர் சாவை யாராவது அவருடைய வீட்டுக்குச் சொன்னார்களா என்பதும் தெரியவில்லை. எஸ்தர் அக்காவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது அந்தக் கடைசிச் சந்தேகம்தான்.

அடுத்த நவம்பரில் சபையில் அவர் எழுந்து, "சிப்பாய் அந்தோணிமுத்து, பர்மாவில் மரித்தவர்" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் அமர்ந்திருந்த தானியேல் ஆமென் என்றார்.

எஸ்தர் அக்காவின் அடக்கம் முடிந்த மறுநாள் சாலமோன் எனக்கு அழைத்தார். அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பதக்கம் எங்கே என்றார். ஒவ்வோர் ஆண்டும் அந்தோணிமுத்துவின் பெயரைச் சபையில் வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தானியேலிடம் கொடுத்துவிட்டார் என்றேன். "அவன் வித்துடுவான், பாருங்க" என்றார் சாலமோன். விற்கமாட்டார் என்று நான் பதில் சொன்னேன். அப்படி ஒரு மனிதரைப் பற்றி உறுதியாகச் சொல்ல, எனக்கும் சில ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

இனி நான் எழுதுவதை அவரை அறிந்தவர்கள்கூட நம்பமாட்டீர்கள். எஸ்தர் அக்கா கேள்வி கேட்காமல் விட்ட ஒரு சந்தர்ப்பம் உண்டு.

பதக்கச் சட்டத்தைத் திறந்த வாரத்தில் என்னால் வேலையில் மனம் வைக்க முடியவில்லை. என் தம்பி எங்கள் ஊரில் நடந்த போரின் கடைசியில் காணாமற்போனவன். சில மாதங்கள் கழித்து ஒரு பெடியன் அம்மாவிடம் வந்து, பக்கத்தில் நின்றபோதே செல் குண்டு விழுந்து தம்பி இறந்ததாகச் சொல்லி, அவனுடைய கைக்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அம்மா இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியை செய்தார். இதை எஸ்தர் அக்காவிடம் நான் அதுவரை சொன்னதில்லை. புரோசார்டிலிருந்து அவருடைய காரில் பாலத்தைக் கடந்து திரும்பும்போது சொன்னேன். சொல்லிவிட்டு அவருடைய கேள்விகளுக்காகக் காத்திருந்தேன். வேறு யாராவது பார்த்தார்களா, அது அவனுடைய கடிகாரம்தானா, வந்தவனுக்கு அதில் என்ன லாபம் என்று.

அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். "அம்மா அந்த வாட்ச வெச்சிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம். தலைமாட்டில வச்சிருக்கிறா."

"இருக்கட்டும்."

"வேற ஒண்டும் கேக்கேல்லையே அக்கா?"

"கேக்க நிறைய இருக்கு. நீ கேக்கச் சொல்ற அன்னைக்குக் கேக்கறேன்."

நான் கேட்கச் சொல்லவேயில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் கேள்விகள் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன என்று இருந்துவிட்டேன். இப்போது அவை என்னிடம் வந்துவிட்டன. எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை அவை மட்டும்தான். வேறெதையும் நான் கேட்கவுமில்லை.

போன வாரம் அம்மாவுக்கு அழைத்தேன். எஸ்தர் அக்கா எங்கிருந்து தொடங்கியிருப்பாரோ அங்கிருந்து தொடங்கினேன்.

"அம்மா, தம்பியின்ர மணிக்கூட்டைக் கொண்டுவந்த பெடியன்ர பேர் என்ன?"

அம்மாவின் குரல் மிக மெல்லியதாக வந்தது.

"அப்ப உனக்கும் அந்த ஐமிச்சம் இருந்ததோ, பிள்ளை?"