வீட்டுப்பேர்: லயம்

மூணாறில் ஒரு பேக்கரியின் மாடியில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் விசா விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் மென்பொருள் அவர்களுடையது. அங்கே தொலைபேசி எடுப்பவர் சிவசங்கரி. தேயிலை எஸ்டேட்டில், லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். முன்பு விடுதி ஒன்றில் நான்கு வருடம் அறைச்சாவி எடுத்துக் கொடுத்திருக்கிறார். “அப்பவும் போறவங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், இப்பவும் அதேதான்” என்றார் என்னிடம். ஊர் ஊராகப் போய்த் திரும்பியவள் நான் என்பதால் அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது.

போன ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை. ஓமனில் ஒரு ஹோட்டல் வேலைக்குத் தேர்வான பதினொரு பெண்களின் விண்ணப்பங்களை மென்பொருள் நிறுத்திவிட்டது. ஒரே குடும்பப்பெயரில், ஒரே முதலாளியிடம் இத்தனை பேர் போனால் ஏஜெண்டு மோசடி என்று சந்தேகிக்கும்படி அதை எழுதியிருந்தார்கள். சந்தேகம் வந்தால் விசாரணைக்கு மூன்று நாள். ஹோட்டல் கொடுத்த கெடுவோ அன்று மாலை ஐந்து மணி.

அந்தப் பதினொருவரில் மூக்கம்மாளுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. ஹோட்டல் அதற்கு மேல் ஆள் எடுப்பதில்லை. இருபது வருடம் கொழுந்து கிள்ளியவர், காலையிலிருந்து ஆறு முறை கூப்பிட்டுவிட்டார்.

நிறுவனத்தை நடத்தும் அமர்நாத் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். பட்டியலைப் பார்த்தார்.

“என்ன இது, பதினோரு பேரும் ஒரே ஆத்துக்காராளா?”

“ஒரே வீடு இல்ல சார். ஒரே லயம்.”

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்த மையத்தில் வீட்டுப்பேர் என்னவென்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார்கள். மலையாளிகளுக்கு அப்படி ஒன்று உண்டு. எஸ்டேட் தமிழர்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. எங்கே குடியிருக்கிறோம் என்று கேட்பதாக நினைத்து எல்லாரும் லயம் என்றார்கள். எழுதியவர் அதையே குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டார். அந்தக் கட்டம் காலியாக இருந்ததற்காக நானே எத்தனையோ விமான நிலையங்களில் ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

ஏஜெண்டும் இப்படித்தான் கதை சொல்வான் என்றார் அமர்நாத். சிவசங்கரி கைப்பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு முத்திரைகூட விழாத புத்தகம். பெயர், சிவசங்கரி லயம்.

“நானும் மோசடின்னா சொல்லிருங்க சார். கீழ போயி பன்னு விக்கிறேன்.”

அமர்நாத் பதினொரு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் திரையில் திறந்தார். சின்னமுத்து, குருசாமி, சுவக்கீன்... அப்பா பெயர் ஒவ்வொருவருக்கும் வேறு. அந்தக் கட்டத்தை மென்பொருள் பார்த்ததே இல்லை. அப்பா பெயரும் ஒத்துப்போனால்தான் சந்தேகம் என்று விதியை மாற்றி எழுதி முடிக்க நாலே முக்கால் ஆகிவிட்டது. சிவசங்கரி முதலில் அனுப்பியது மூக்கம்மாளுடையதை.

ஆகஸ்டில் கொச்சி விமான நிலையத்திலிருந்து மூக்கம்மாள் கூப்பிட்டார். கவுண்டரில் லயம் என்று யாரையோ அழைத்தார்களாம்.

“மொத்தமா எந்திரிச்சோம் தாயி. அந்த ஆளு முழிச்ச முழி இருக்கே. எல்லாரும் ஒரே குடும்பமான்னு கேட்டாரு. ஆமான்னுட்டோம்.”