கண்ணாடியைக் கழற்றிக் கேட்டவர்

அறுபதுகளில் பெங்களூர் கன்டோன்மென்டில் நான் வேலை பார்த்த ரெக்கார்டு கடைக்குச் சனிக்கிழமை மதியங்களில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா வருவார். நாற்பது வயதிருக்கும், கையில் காலி டிபன் கேரியர். சினிமாப் பாட்டுப் பக்கம் திரும்பவே மாட்டார். பாட்டும் வாத்தியமும் இல்லாமல், மின்சாரக் கருவிகளிலேயே ஓசை உண்டாக்கிய வெளிநாட்டு ரெக்கார்டு புதிதாக வந்திருக்கிறதா என்றுதான் கேட்பார். எங்கள் முதலாளிக்கு அதெல்லாம் ரேடியோ ரிப்பேர் செய்கிற சத்தம்.

நான் ஊசியை வைக்கும் முன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். முடிந்ததும் தீர்ப்பு வரும். "இவன் ரொம்ப கெட்டிக்காரன் தம்பி. ஆனா என்னை உள்ள கூப்பிடல." இன்னொன்றுக்கு, "சும்மா பயமுறுத்துறான். எனக்கு வேணாம்."

ஒருமுறை வந்த ரெக்கார்டில் தேம்பல் போல நீளமான ஓசை. நடுநடுவே 'டக், டக்' என்று மெல்லிய தட்டல். முடிந்த பிறகும் அவர் கண்ணாடியை மாட்டவில்லை.

"ஒருத்தர் அழுவுறாங்க, இன்னொருத்தர் முதுகத் தட்டிக் குடுக்குறாங்க. எப்பிடிப் பண்ணிருக்கான் பாரு தம்பி!"

அந்தத் தட்டல், ரெக்கார்டில் விழுந்திருந்த கீறல். முதலாளி சங்கடப்பட்டு, அதே ரெக்கார்டைக் கீறல் இல்லாமல் நல்லதாக இன்னொன்று வரவழைத்தார். அதையும் அந்த அம்மா கடைசிவரை கேட்டார். தேம்பல் மட்டும் தனியாக ஓடி முடிந்தது.

"இதுதாம்மா சரியான ரெக்கார்டு," என்றேன்.

"இருக்கலாம். நீ அந்தப் பழசையே குடு. இதுல அழுவுறவங்க பக்கத்துல யாருமே இல்ல."

பழையதை வாங்கிக்கொண்டு போனார். நல்ல ரெக்கார்டு விற்கவே இல்லை. கடையில் ஆளில்லாதபோது அதைப் போடுவேன். சற்று நேரத்தில் என் விரல் தானாகவே மேசையைத் தட்ட ஆரம்பித்துவிடும்.