டில்லியும் மாடி கேரம் போர்டும்

மனநல மையத்தில் வேலை பார்ப்பவர்களை முதலில் சந்தேகப்படுவது சொந்தக்காரர்கள்தான். "அங்கயே பழகி ஒனக்கும் ஏதாவது ஆயிடப் போவுது" என்று கல்யாண வீட்டில் காதோடு காதாகச் சொல்வார்கள். என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். நான் தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் நடக்கும் பகல்நேர மையத்தில் சமூகப் பணியாளர். சிகிச்சையில் இருப்பவர்கள் காலையில் வந்து, வேலை, விளையாட்டு, அரட்டை என்று இருந்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார்கள்.

எதிர் டீக்கடை

டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? எல்லோரும் எதிர் டீக்கடையில் போய் நிற்பார்கள். நான் ஜன்னலிலிருந்து கையைக் காட்டினால் கடைக்கார பாய் ஆளைத் தட்டி மேலே அனுப்புவார்.

ஒரு நாள் கூச்சமாகி, "உங்களுக்குத்தான் தொந்தரவு பாய்" என்றேன். "இன்னா தொந்தரவு? உங்க ஆளுங்க கம்முனு டீ குடிக்கிறாங்கோ. மத்தவனுங்கதான் அரசியல் பேசி கிளாச ஒடைக்கிறானுங்கோ."

டில்லியின் கை

எங்கள் மையத்துக்கு வரும் டில்லி, லாரி ஓட்டுநர். கேரமில் ஏரியாவையே கலக்கியவர். நோய் வந்த சமயத்தில் காதில் குரல்கள் கேட்டு, நடுத்தெருவில் நின்று கத்திவிட்டார். அதற்குப் பிறகு தெருமுனை கேரம் கிளப்பில் அவருக்கு இடமில்லை. குணமாகிப் போய் நின்றாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். அந்த போர்டில் மறுபடியும் உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

மாத்திரை நன்றாக வேலை செய்தது, ஆனால் அதனாலேயே கை நடுங்கியது. எங்கள் போர்டில் அவர் அடிப்பதெல்லாம் கோணலாகப் போகும். திடீரென்று ஒரு வாரம் காய்கள் வரிசையாக விழ, எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் போய் அவருடைய மாத்திரை அட்டையைப் பார்த்தேன். நினைத்தது சரி, மாத்திரையை நிறுத்தியிருந்தார்! டாக்டர் கோபமாகக் காரணம் கேட்டார். "காதுல சத்தம் கேட்டாக்கூட சமாளிச்சுப்பேன் டாக்டரம்மா. ஸ்ட்ரைக்கர் நேரா போவலன்னா நான் இன்னாத்துக்கு கீறேன்?"

மழைக்கு ஒதுங்கியவர்கள்

டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். சில வாரங்களில் நடுக்கம் அடங்கியது. அப்போதுதான் ஒரு பெருமழை. கிளப்புக்குள் தண்ணீர் புகுந்து போர்டு ஊறி உப்பிவிட்டது. கிளப்பின் பெரிய ஆட்டக்காரர் முருகேசன், இரண்டு கூட்டாளிகளோடு பாய் கடையில் ஒதுங்கியிருந்தார். மேலே எங்கள் மாடியில் காய் தட்டும் சத்தம். கேரம் பைத்தியங்கள்! அந்த வார்த்தையை நாங்கள் சொல்வதே இல்லை, இவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. மெல்ல ஏறி வந்து வாசலிலேயே நின்றார்கள்.

போர்டைச் சுற்றி நாலு பேர் குனிந்திருந்தார்கள். டில்லி நிமிரவே இல்லை. முருகேசன் என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்: "மேடம், இதுல யாரு பேஷன்ட்டு, யாரு ஸ்டாப்பு?"

ரெட்டும் பாலோவும்

கால் மணி நேரத்தில் டில்லிக்கு எதிரே முருகேசன் உட்கார்ந்திருந்தார். பாதி ஆட்டத்தில் டில்லி, "இரு, மாத்திர டைமு" என்று எல்லோர் முன்னாலும் ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அதற்குள் முருகேசன் போர்டில் பவுடர் தூவி வைத்திருந்தார். கடைசியில் டில்லிக்கு ரெட்டு என்கிற சிவப்புக் காயும், அதைத் தொடர்ந்து பாலோவாகப் போட வேண்டிய தன் ஒரே காயும்தான் பாக்கி. நான் காயைப் பார்க்கவில்லை, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஆடவில்லை. ரெட்டு விழுந்தது. பின்னாலேயே பாலோவும் விழுந்தது, ஆட்டம் டில்லிக்கு!

மாடியே அதிரும்படி ஒரு கூச்சல். பாய் பதறிக்கொண்டு ஓடி வந்தார். கத்தியது நானும் டாக்டரும்தான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முருகேசன் கையிலிருந்த பவுடரைத் தட்டிக்கொண்டு எழுந்தார். போய்விடுவாரோ என்று பயந்தேன். "ஞாயித்துக்கெழம காசிமேட்ல டோர்னமென்ட்டு கீது டில்லி, என் பார்ட்னரு நீதான். மாத்திர போடாம வந்த, அவ்ளோதான் சொல்ட்டேன்!"

ஒருவரைத் தெருக்காரர்களோடு மறுபடி சேர்த்துவைப்பது எப்படி என்று காலேஜில் இரண்டு வருடம் படித்தேன், அதில் மழையைப் பற்றியும் கேரம் பவுடரைப் பற்றியும் ஒரு பாடம்கூட இல்லை.