குரங்கு வீசிய போன்

குற்றாலம் வரை வந்துவிட்டு அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரே பெண் என் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீடு தென்காசியில்; பஸ்ஸில் ஏறி உட்காருமுன் அருவி வந்துவிடும். சாரல் தொடங்கிவிட்டால் ஞாயிறுதோறும் மாமி எங்களை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மாமி என்றால் என் அத்தாவின், அதாவது அப்பாவின், அக்கா. எல்லோரும் குளிப்போம், அம்மா மட்டும் படியில் பைகளுக்குக் காவல். கேட்டால் தலைவலி என்பாள். உண்மைக் காரணம் அவள் மடியில் இருந்த போன்.

அத்தா சவூதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, சாப்பாட்டுக்கு இன்றைக்கும் அதே குப்பூஸ் ரொட்டிதான், அறையில் கூட இருப்பவர் குறட்டை விடுகிறார். அந்தக் குறட்டையைக்கூட அழிக்க அம்மாவுக்கு மனசு வராது. மீன் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் பழையதையே ஓடவிட்டுக் கேட்பாள். கடைசியில் போன் நிரம்பி, இடமில்லை என்று சொல்லிவிட்டது. அவர் புதிதாக அனுப்பியது எதுவும் திறக்கவில்லை. அத்தா வருவதற்கு இருந்த இடத்தையெல்லாம் அத்தாவே அடைத்துக்கொண்டிருந்தார்.

"பழச அழிச்சாத்தான் என்னட்டி? தம்பி இன்னைக்கு என்ன சொல்லுதான்னு கேக்க வேண்டாமா?" என்று மாமி தலையில் அடித்துக்கொள்வார்.

"அழிச்சா திரும்ப வருமா மைனி?" என்பாள் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரல் கொஞ்சம் கனமாகவே விழுந்தது. போன் நனைந்துவிடுமோ என்ற பதற்றத்தில் அம்மா, நாங்கள் தின்று முடித்த நேந்திரங்காய் சிப்ஸ் கவருக்குள் அதைப் போட்டுச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியூர்க்காரர் யாராவது செய்திருந்தால் மன்னிக்கலாம். பிறந்ததிலிருந்து குற்றாலத்துக் குரங்குகளைப் பார்த்து வளர்ந்தவள் செய்தாள். நாங்கள் ஈரத்தலையோடு திரும்பி வரும்போதே ஒரு கிழட்டுக் குரங்கு, கொடுத்துவைத்ததைத் திரும்ப வாங்குவதுபோல, நிதானமாகக் கவரை உருவிக்கொண்டு பாறையில் ஏறியது. கவரை நக்கியது. போனைக் கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஓடுகிற தண்ணீரில் வீசிவிட்டது.

அம்மா வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு அந்தக் குரங்கைக் கொன்றுபோட வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் மாமியின் போனில் அத்தா பேசினார்.

"உங்க குரலு பூராவும் தண்ணியோட போயிட்டு," என்று அம்மா தேம்பினாள்.

"ஏட்டி, நான் இங்கன குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். இப்பப் பேசுததக் கேளேன். அதுல அப்படி என்னதான் இருந்துது?"

அம்மா யோசித்தாள். "குப்பூஸு... பெறவு அந்த ஆளு குறட்ட," என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, இன்னைக்கு என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். மாமி வந்து போனைப் பிடுங்கும் வரை பேச்சு ஓயவில்லை.

அப்புறம் மாமி தன்னுடைய பழைய போன் ஒன்றைக் கொடுத்தார். அத்தா அனுப்புவதை அம்மா கேட்பாள், சிரிப்பாள், பதில் சொல்வாள், உடனே அழித்துவிடுவாள். அவளுக்கு அத்தா மேல் பாசம் விட்டுப்போயிற்று என்றே முடிவுகட்டினேன். தண்ணீரில் போனதைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுவாள் என்று நம்பினேன்.

அடுத்த முறை அருவிக்குப் போனதும், ஓரமாகத் தண்ணீர் குறைந்த இடத்தில் கல் கல்லாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "மைனி, இன்னைக்குப் பைய நீங்க பாத்துக்கிடுங்க."

நிமிர்ந்து பார்த்தபோது அவள் பெண்கள் கூட்டத்தை முண்டித் தள்ளிக்கொண்டு அருவிக்கு நேர் அடியில் போய் நின்றுவிட்டிருந்தாள். போலீஸ்காரம்மா விசில் ஊதுகிறார், அம்மா அசைந்தால்தானே! தலையில் இடிபோலத் தண்ணீர் விழ, வாயைத் திறந்து கத்துகிறாள், சிரிக்கிறாள். என் அம்மா அவ்வளவு அழகி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அங்கிருந்தே என்னைக் கண்டுகொண்டு, இரண்டு கைகளையும் தூக்கி வா வா என்று ஆட்டினாள்.

போன் கிடைத்துவிட்டதாக்கும் என்று நான் ஓடினேன்.