வலது தோள்

சனிக்கிழமை மாலை வீடு திரும்பும் வழியில் ஹெரோனிம் புகைபோட்ட மீன் ஒன்றை வாங்கி, தாளில் சுற்றி மேல்கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார். மீன் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் கோட்டில் ஏறியிருக்கும் ரஷ்யக் கோயில் சாம்பிராணி வாசம் மறைய வேண்டுமே!

"கோட்டா இது, மீன் கூடையா? கையில தூக்கிட்டு வந்தா கை ஒடிஞ்சிருமா?" என்பாள் மனைவி அனெய்லா. 

ரஷ்ய மன்னன் ஜார் பிடித்துவைத்திருக்கும் நம் வார்சாவில் எழுத்தாளர் ஹெரோனிமைத் தெரியாதவர் குறைவு. தணிக்கைக்காரர் கண்ணில் மண்ணைத் தூவி, ஜாரின் அதிகாரிகளைக் கழுதைகளாக்கி அவர் எழுதும் கதைகளைப் படித்து வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். ரஷ்யப் போலீஸ்காரன் ஏதாவது கேட்டால் செவிடராகிவிடுவார். "அவனுங்க பாஷையில நான் இருமக்கூட மாட்டேன்!" என்று காபிக்கடை மேசையைத் தட்டுவார். அதே வாய், முகம் மழிக்கும்போது ரஷ்யக் கோயிலின் அந்திப் பாட்டை முணுமுணுக்கும். பாதியில் உணர்ந்து, சோப்பு நுரையோடு ஜன்னலைச் சாத்த ஓடுவார்.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அந்த ரஷ்யக் கோயிலில், முக்காடு போட்ட பெண்களுக்குப் பின்னால், தூணோரம் ஒண்டிக்கொள்வார். பாட்டுக்குழுவின் அடிக்குரல் எழும்பியதும் பாழாய்ப்போன கண் கலங்கிவிடும். வழிபாட்டில் ஜாரின் பெயர் வரும் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே இருமுவார். சிலுவை போடும்போது அவர்களைப் போலவே மூன்று விரலைக் குவித்து, வலது தோளை முதலில் தொடுவார். கத்தோலிக்கர் நம்மைப் போல விரித்த கையால் இடது தோளில் தொடங்கினால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

போலீஸைவிட அவருக்கு அனெய்லாவிடம்தான் பயம். அவள் தம்பி காஸ்பரை ஜாரின் ஆட்கள் சைபீரியாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளை அங்கேயே செத்தான். "அவங்க கோயில் மணி கேட்டாலே எனக்குக் குமட்டுதுங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம் இவர் எழுந்துபோய்க் கோட்டை முகர்ந்து பார்ப்பார். தெரிந்தால் அன்றே பெட்டியைக் கட்டிவிடுவாள்.

சென்ற வாரம் நம் கோயிலில் காஸ்பரின் நினைவுப் பூசை. உட்கார இடமில்லை. பக்கத்தில் இருந்த நண்பர் விதோல்ட், "என்னய்யா, அடுத்து எந்தக் கழுதையப் பிடிச்சு எழுதப் போறீரு?" என்று காதைக் கடித்தார். ஹெரோனிம் சிரித்துவைத்தார்.

குருவானவர் பூசையைத் தொடங்கினார். எல்லோரோடும் இவர் கையும் எழுந்தது. நெற்றி, மார்பு. பிறகு வலது தோள். தொட்ட பின்புதான் தன் விரல்களைப் பார்த்தார். மூன்றும் குவிந்திருந்தன. ஐயோ, கடவுளே! விதோல்டின் தலை இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியது.  ஹெரோனிமின் கை அசைய மறுத்தது.

மறுபக்கம் இருந்த அனெய்லா அவரைப் பார்க்கவில்லை. பலிபீடத்தைப் பார்த்தபடியே அவர் கையைப் பற்றி, குவிந்த விரல்களைப் பிரித்து, இடது தோளில் கொண்டுபோய் அழுத்தினாள்.

"இனிமே மீன் வாங்காதீங்க" என்றாள், உதடு அசையாமல்.

பூசை முடியும்வரை அவள் நகங்கள் அவர் மணிக்கட்டை விடவில்லை.