அறுபத்து மூன்று கைகள்

கீழவாஞ்சூர் மீனவத் தெருவுக்கு ஞானப்பூ சுவிசேஷம் சொல்லப் போக ஆரம்பித்தது 1967இல். 1978 வரை அங்கே ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. தோல்வியை இவ்வளவு ஒழுங்காக, செவ்வாயும் வெள்ளியும் தவறாமல், காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் செய்துவந்த வேறொருவர் காரைக்காலில் இருந்திருக்க முடியாது.

காரைக்காலில் இருந்த சின்னச் சபை ஒன்றில் அவளுக்குப் பைபிள் அம்மா வேலை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதக்கதை சொல்வதுதான் அந்த வேலை. கணவர் இறந்த மறுவருஷம் அதற்கு வந்தவள். வெள்ளைப் புடவை, துணிப்பை, ஒரு கம்பி ஒடிந்த குடை. ஒவ்வொரு டிசம்பரிலும் போதகர் ஆண்டறிக்கை எழுத உட்காரும்போது அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்.

"இந்த வருஷம் எத்தனை பேரும்மா?"

"கேட்டுக்கிட்டிருக்காங்கய்யா."

பதினோரு டிசம்பரிலும் இதுதான் பதில். பதினோரு முறையும் அது உண்மை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சபையில் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் தூங்குகிறவர்களைவிட நன்றாகவே கேட்டார்கள். கடற்கரை மணலில் கருவாடு காயவைக்கிற பெண்கள் அவர்கள். மீனைத் திருப்பிப் போட்டபடியே கேட்பார்கள். ஞானப்பூவும் குனிந்து திருப்பிப் போட்டபடியே சொல்வாள். மீனவர்கள் வலையை விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போன கதையைச் சொன்ன அன்று, களத்திலேயே மூத்தவளான குஞ்சம்மா நிமிர்ந்து நின்றாள்.

"அப்படியே வுட்டுட்டுப் போனானா? வலையையா?"

"ஆமாக்கா. கூப்பிட்ட உடனே போயிட்டாங்க."

"பெரிய மனுசன்தான். அந்த வலைக்கு யாரு பதில் சொல்றது? வூட்டுல பொண்டாட்டி இருந்தாளா இல்லியா? அத ஒங்க புஸ்தகத்துல எழுதலியா?"

"அதுல ஒருத்தருக்கு மாமியா இருந்தாங்க. சொரம் வந்து படுத்திருந்தாங்க. இயேசு போயி சொகமாக்குனாரு."

"அதச் சொல்லு மொதல்ல. மாமியாளுக்குச் சொரத்த எறக்கினாருன்னா நல்லவருதான்."

இதை ஆண்டறிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவது? போதகருக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டார்.

1978 மாசியில், சென்னையிலிருந்து சகோதரர் எபனேசர் என்ற பிரசங்கியார் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே ஒலிபெருக்கியும், படம் பிடிக்க சோமசேகரன் என்ற இளைஞரும். "தரிசு நிலத்தில் எழுப்புதல்" என்பது அவர் பயணத்துக்குத் தலைப்பு. ஞானப்பூ பதினோரு வருஷம் உழுத நிலத்துக்குத் தரிசு என்று பெயர் வைத்தது அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் விருந்தாளி. போதகர் சொல்லிவிட்டார். பெண்களைக் கூட்டி வைத்தாள்.

"களத்த வுட்டு எங்கயும் வரமாட்டோம். அவரு வேணா இங்க வந்து பேசட்டும்" என்றாள் குஞ்சம்மா. அப்படியே ஆயிற்று. நெத்திலி பரப்பிய மணலைச் சுற்றி முப்பத்திரண்டு பெண்கள் நின்றார்கள். எபனேசர் அரை மணி நேரம் பேசினார். பிறகு எல்லோரும் கண்ணை மூட வேண்டும், ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறவர்கள் மட்டும் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லித் தம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கருவாட்டுக் களத்தில் யாரும் கண்ணை மூடுவதில்லை. மூடினால் என்ன நடக்கும் என்பது காக்கைகளுக்கும் தெரியும். ஒலிபெருக்கியின் இரைச்சலுக்குப் பயந்து பனைமரத்தில் உட்கார்ந்திருந்தவை, பிரசங்கம் நின்று ஜெபம் தணிந்ததும் மொத்தமாக இறங்கின. முப்பத்திரண்டு பெண்களும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி ஊரே அதிரக் கத்தினார்கள். சோமசேகரன் படம் பிடித்தார். எபனேசர் கண்ணைத் திறந்தார்; தூக்கிய கைகளைப் பார்த்தார்; அழுதே விட்டார்.

ஞானப்பூ ஜீப்புக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லத்தான் செய்தாள். "அய்யா, அது காக்கா..." ஜீப் கிளம்பிவிட்டது.

ஆனி மாதம் எபனேசரின் பத்திரிகை வந்தது. நடுப்பக்கம் முழுக்க அந்தப் படம். மேலே, "ஒரே நாளில் அறுபத்து மூன்று ஆத்துமாக்கள்!" கீழே, பேய் வணக்கத்திலும் குடியிலும் மூழ்கிக் கிடந்த கிராமம் ஒன்று வெளிச்சத்துக்கு வந்த வரலாறு. குடிகாரக் கணவனிடம் அடிபட்டுச் சாகக் கிடந்த குஞ்சம்மா என்ற சகோதரியின் கண்ணீர்ச் சாட்சி தனிக்கட்டத்தில்.

ஞானப்பூ அதை இரண்டு முறை படித்தாள். குஞ்சம்மாவின் வீட்டுக்காரர் மாணிக்கவேல், கடையில் டீகூடக் குடிக்காதவர். அந்நாளில் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. இந்தப் பக்கம், புதுச்சேரியைச் சேர்ந்த வாஞ்சூரில், வரிசையாகச் சாராயக் கடைகள். குடிக்கிறவர்கள் எல்லை தாண்டி வந்து, குடித்து, சாலையோரத்தில் விழுந்து கிடந்தார்கள். எபனேசர் அதே சாலை வழியாகத்தான் வந்தார். தம் பக்கத்துக் குடிகாரர்களைப் பார்த்து இந்தப் பக்கத்து ஊரைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறார்.

அறுபத்து மூன்று எப்படி வந்தது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. காரைக்காலில் அறுபத்து மூவர் என்றால் கோவிலில் வரிசையாக நிற்கிற நாயன்மார்கள்; அவர்களை மதம் மாற்ற எபனேசராலும் முடியாது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். பெண்களின் தலைகள் முப்பத்திரண்டு. பூவாயிக்கு இடுப்பில் பிள்ளை, அதனால் ஒரு கைதான் மேலே. மீதி எல்லோருக்கும் இரண்டு. கையை எண்ணியிருக்கிறார்கள்! ஆத்துமாவுக்குக் கணக்குப் பார்க்கத் தலையைக்கூட எண்ணவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் கண்ணையன் தெருமுனையிலேயே நின்றார். கையில் அதே பத்திரிகை.

"ஒங்கள யாரும் வையல. ஆனா இனிமே தெருவுக்குள்ள வராதீங்கம்மா. குஞ்சம்மா மவ அமுதத்துக்குப் பேசி முடிச்ச எடத்துல கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டீங்களாமேன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க."

பின்னாலிருந்து குஞ்சம்மா வந்தாள். அவள் கத்தவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"எம் புருசன் குடிகாரன்னு ஒங்கிட்ட நான் சொன்னனா?"

"இல்லக்கா."

"அந்தாள இட்டாந்தது யாரு?"

"நான்தான்க்கா."

"ஒஞ் சாமி மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு ஒண்ணும் கைய எண்ணச் சொல்லியிருக்கமாட்டாரு. ஒம் மேலதான் கோவம். போ."

போதகரிடம் போனாள். மறுப்பு எழுதி அனுப்புங்கள் என்றாள். போதகர் நல்லவர், ஆகையால் சண்டையை விரும்பாதவர்.

"வுடும்மா. நோக்கம் நல்லதுதானே? ஒனக்கும் பெருமைதான். அடுத்த மாசம் கன்வென்ஷன்ல எபனேசர் அய்யா பக்கத்துல ஒக்காந்து நீயே சாட்சி சொல்லப்போற."

"என்ன சாட்சிய்யா? பத்துக் கட்டளையில பொய்ச்சாட்சி கூடாதுன்னு ஒண்ணு இருக்கே, அத யாருக்குப் போட்டது? குடிகாரனுக்கா? அவன் எங்க சாட்சி சொல்றான்? நமக்குத்தானய்யா போட்டது!"

பதினோரு வருஷத்தில் அவள் போதகரிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். அவர் குடையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். சாட்சி சொல்ல அவள் மறுக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

கன்வென்ஷனுக்காகச் சபை வளாகத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கிக் குழாயைச் சாலை பார்த்துக் கட்டியிருந்தார்கள், வெளியார் கேட்டு மனந்திரும்பட்டும் என்று. மூன்றாம் நாள் மாலை ஞானப்பூவுக்கு மாலை போட்டார்கள். அவள் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"கீழவாஞ்சூர்ல அறுபத்து மூணு பேரு ரட்சிக்கப்படல. ஒருத்தர்கூட இல்ல. அந்தப் படத்துல இருக்கிறது காக்கா ஓட்டின கை. காக்காதான் ஜெபத்துக்கு வந்துது. குஞ்சம்மாக்கா வூட்டுக்காரரு குடிக்கிறவரு இல்ல. எழுதினது பொய்யி. அந்தப் பொய்ய வூட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோனது நான்."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். எபனேசர் எழுந்து மைக்குக்குக் கை நீட்டினார். "சகோதரி உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க..."

"ஆமாங்க, பட்டிருக்கேன். நீங்க ரெண்டு கைய எண்ணி ரெண்டு ஆத்துமாங்கிறீங்க. எங்க பூவாயிக்கு மட்டும் ஒரே ஆத்துமா. அவ புள்ளைய இறக்கி வுட்டிருந்தா அறுபத்து நாலு!"

மைக்கை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சாலை பார்த்துக் கட்டிய குழாய் தன் வேலையை அதற்குள் முடித்திருந்தது. மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற பூவாயி, தன் பெயரைக் கேட்டதும் கூடையை இறக்கி வைத்து முழுவதையும் கேட்டாள். கடைசி பஸ்ஸில் அது கீழவாஞ்சூர் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாளில் அமுதத்தைப் பேசியவர்கள் காதுக்கும் போயிற்று. ஒரு வேதக்காரியே மைக்கில் இல்லையென்று சொல்லிவிட்டாளே, அப்புறம் என்ன? தாம்பூலம் மாற்ற வந்தார்கள். எழுப்புதல் கூட்டத்தின் ஒலிபெருக்கியால் நிச்சயமாக விளைந்த நன்மை அந்த ஒரு கல்யாணம்.

சபைக் கமிட்டி ஞானப்பூவை நிறுத்திவிட்டது. தீர்மானத்தில் எழுதிய காரணம், ஊழியத்துக்கு இடைஞ்சல். எபனேசர் பத்திரிகையில் மறுப்பு வரவில்லை. அடுத்த இதழில் வேறொரு கிராமம் வெளிச்சத்துக்கு வந்தது.

நிறுத்தப்பட்ட பின் வந்த முதல் செவ்வாய்க்கிழமை, எட்டு மணிக்கு, அவள் பஸ் ஏறினாள். இனிமேல் டிசம்பரில் யாரும் எண்ணிக்கை கேட்கப்போவதில்லை. அது ஒரு நிம்மதிதான் என்று நினைத்தாள். நினைத்த உடனேயே கோபமும் வந்தது. கேட்கவேண்டியது அதுவா?

தெருமுனையில் கண்ணையன் வலை பின்னிக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். களத்தில் குஞ்சம்மா வாளை மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஞானப்பூ ஐந்தாறு அடி தள்ளியே நின்றாள்.

"ஒங்க கோயில்ல நிறுத்திட்டாங்களாமே?"

"ஆமாக்கா."

"நெசத்தச் சொன்னதுக்கா?"

"ஆமாக்கா."

குஞ்சம்மா இன்னும் நாலு மீனைத் திருப்பினாள். கோபம் போய்விட்டது என்று சொல்லும்படி முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஏன் மரமாட்டம் நிக்கிற? அந்தக் கோடியில காக்கா எறங்குது பாரு."

ஞானப்பூ குடையைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக் கத்திக்கொண்டே ஓடினாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. குஞ்சம்மா தலை நிமிராமலே கேட்டாள்.

"அன்னிக்குப் பாதியில வுட்டியே. அந்த மாமியாளுக்குச் சொரம் எறங்கினதும் என்ன செஞ்சா?"

"எந்திரிச்சு அவுங்களுக்கு எல்லாம் சோறு போட்டாங்கக்கா."

"அது சரி" என்றாள் குஞ்சம்மா. "மேல சொல்லு."